திரும்பிப் போன பாட்டிலும் பரண்மேல் இருக்கும் மஞ்சப்பையும்



ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரச் சொல்லி எங்கள் குழுப் பிரதிநிதி அக்கா கேட்டபோது, "நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வரலாறுன்னா ராஜா, போர், வருஷம். அதெல்லாம் எனக்கு வராதுக்கா" என்று சொன்னேன். அக்கா விடவில்லை. "உன் வூட்டுப் பரண்மேல மூட்டை கட்டி வெச்சிகிறியே முந்நூத்தி நாப்பது மஞ்சப்பை, அதுக்கு வரலாறு இல்லியா? அத்த எழுது" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த மூட்டையால்தான் எங்கள் குழுவே ஒரு தடவை உடையப் பார்த்தது. சரி, எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அந்தப் பைக்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னாடி போக வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது பொன்னேரி பக்கம் ஒரு கிராமம். மூலக்கொத்தளத்துக்கு மருமகளாக வந்தது 2007-ல். எங்கள் ஊரில் குப்பை என்று அம்மா கொட்டியது அடுப்புச் சாம்பல், காய்த் தோல், வாசல் பெருக்கின மண், மாட்டுச் சாணம். எல்லாம் எருக்குழிக்குப் போகும். கோடை முடியும்போது வண்டி கட்டி வயலுக்குப் போகும். இரும்பு, தகரம், ஓட்டை அலுமினியப் பாத்திரம் இதற்கெல்லாம் பேரீச்சம்பழக்காரர் வருவார். அவர் குரல் தெருமுனையில் கேட்டதும் நானும் தம்பியும் நல்லா இருக்கிற ஸ்பூனைக் கூட எடுத்துக்கொண்டு ஓடி அடி வாங்கியிருக்கிறோம். பழைய புடவை, பேன்ட் சட்டைக்குப் பாத்திரக்காரம்மா வருவாங்க. நாலு பட்டுப் புடவை எடுத்துக்கிட்டு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா கொடுப்பாங்க. அது ஏமாத்து வேலைதான். ஆனாலும் கந்தைத் துணிக்குக்கூட வாங்க ஆள் இருந்தது.

மூலக்கொத்தளம் வந்த பிறகு எங்கள் அத்தையிடம் (மாமியார்) பழைய கதை கேட்பேன். அத்தை இங்கேயே பிறந்து வளர்ந்தவங்க. வெளியூர்க்காரங்களுக்கு எங்கள் ஏரியா என்றால் சுடுகாடுதான் ஞாபகம் வரும். 1939-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை போய் இறந்த நடராசன், தாளமுத்து ரெண்டு பேரையும் அடக்கம் செய்த இடம் அது. அத்தைக்கு ஞாபகம் வருவது பால் பாட்டில். அந்தக் காலத்தில் பால் கண்ணாடி பாட்டிலில் வரும். மேலே பளபளவென்று ஒரு மூடி. "காலி பாட்டில் குட்த்தாதான் பால் பாட்டில். ஒடைஞ்சி பூட்சின்னா காசு கட்டணும். அதுக்கோசரமே பாட்டில கொழந்த மாரி தூக்கினு போவோம்" என்பாங்க. மளிகைக் கடையில் பருப்பு, மிளகாய் எல்லாம் பேப்பர் பொட்டலம், சணல் கட்டு. எண்ணெய்க்கு வீட்டு பாட்டில். ஓட்டலில் சாம்பார் வாங்கத் தூக்கு. இட்லி வாழை இலையில். மீனுக்குக் கூடையோ சட்டியோ எடுத்துக்கொண்டுதான் போவாங்க. மீதி சாமானுக்குக் காயலான் கடை. காயல்பட்டினத்து வியாபாரிகள் பழைய சாமான் தொழில் செய்ததால் அந்தப் பேர் வந்தது என்று சொல்கிறார்கள்.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் யாரும் சுற்றுச்சூழலைக் காப்பாத்தணும்னு பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் பால் இல்லை, காசு போகும். அவ்வளவுதான். பால் கம்பெனிக்கும் பாட்டில் தேவை, நமக்கும் பால் தேவை. கடையும் வீடும் ஒரே கயிற்றின் ரெண்டு முனையைப் பிடித்திருந்தது. நான் இந்தக் கட்டுரையில் தேடினது இந்தக் கயிறு எங்கே அறுந்தது, யார் யார் திரும்ப முடிச்சுப் போடப் பார்த்தார்கள் என்பதைத்தான்.

அறுந்ததில் ஒரு பங்கு நம்ம தமிழ்நாட்டுக்கே உண்டு. கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர் ஷாம்பூவைச் சின்னச் சின்ன சாஷேயில் அடைத்து விற்றார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்பூவைக் கொண்டு வந்தார். முழு பாட்டில் வாங்க வசதியில்லாத கூலிக்காரப் பெண்ணும் தலைக்கு ஷாம்பூ போட முடிந்தது. இதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது ஐம்பது பைசா சிக் வாங்கி, அதையே ரெண்டு தடவைக்கு வைத்துக்கொண்டவள். இதில் ஒரு விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. ஆரம்பத்தில் அந்தக் கம்பெனி ஒரு திட்டம் வைத்திருந்தது. எந்தக் கம்பெனி ஷாம்பூவாக இருந்தாலும் ஐந்து காலி சாஷே கொண்டு வந்தால் ஒரு சிக் இலவசம். அப்புறம் சிக் சாஷேக்கு மட்டும் என்று மாற்றினார்கள். காலிக் கவருக்கு ஒரு விலை வைத்தால் ஜனங்கள் பத்திரமாக எடுத்து வைத்துக் கொண்டு வந்து கொடுப்பார்கள் என்று வியாபாரிகளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. ஆனால் அது வியாபாரம் பெருக்கச் செய்தது. பெருகின பிறகு காலி சாஷேயைக் கேட்க ஆளில்லை. ஷாம்பூவுக்குப் பின்னால் ஊறுகாய், காபித்தூள், பாக்கு, எண்ணெய் எல்லாம் கவரில் வந்து கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கியது. பாலும் கவருக்கு மாறியது.

அதெல்லாம் எங்கே போச்சு? தென்சென்னைக் குப்பை பெருங்குடிக்கு, வடசென்னைக் குப்பை கொடுங்கையூருக்கு. 1980-களில் இருந்து கொட்டிக்கொண்டே வருகிறார்கள். கொடுங்கையூரில் சுமார் 250 ஏக்கரில் 66 லட்சம் டன் பழைய குப்பை இருப்பதாகக் கணக்கெடுத்து, அதைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலையைத் தொடங்கினார்கள். சென்னையில் இன்றைக்கும் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. நாம் மளிகைக் கடையில் "ஒரு கவர் குடு" என்று கேட்பது இந்த மலையில் ஒரு துளி.

முதலில் முடிச்சுப் போடப் பார்த்தவர்களில் முக்கியமானது எக்ஸ்னோரா. எம்.பி. நிர்மல் என்ற வங்கிக்காரர் 1989-ல் சென்னையில் தொடங்கினார். அதே 1989-ல்தான் தர்மபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு நம்ம மகளிர் குழுக்கள் ஆரம்பமானது. ரெண்டுக்கும் ஒரே வயது என்று தெரிந்தபோது எனக்கு ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. எக்ஸ்னோரா செய்தது சுலபமான காரியம். தெருக்காரர்கள் சேர்ந்து மாதம் ஒரு சின்னத் தொகை போட்டு, அதுவரை குப்பைத்தொட்டியில் பொறுக்கிக்கொண்டிருந்தவருக்கு ஒரு மூன்று சக்கர வண்டி வாங்கிக் கொடுத்து, வீடு வீடாக வந்து குப்பை எடுக்கச் சொன்னார்கள். அவரைத் தெருவை அழகுபடுத்துகிறவர் என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். 1990-களில் சென்னையில் நூற்றுக்கணக்கான தெருக்களில் இது நடந்தது. நம்ம குழு மாதிரியேதான், சந்தா, கூட்டம், கணக்கு. ஆனால் என் மனசில் பட்டதைச் சொல்கிறேன். மாதாமாதம் காசு போடுகிற காலனியில் அது நன்றாக ஓடியது. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்குகிற தெருவில் எப்படி ஓடும்? அதுவும் இல்லாமல், அங்கே குப்பையை எடுக்க வழி செய்தார்கள். கவர் கொடுக்கிற கடைக்காரரை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

கடைக்காரரையும் சேர்த்துப் பிடித்தது மலை மேலே. 2000-ஆம் வருஷ வாக்கில் நீலகிரி கலெக்டராக இருந்த சுப்ரியா சாஹு அங்கே பிளாஸ்டிக் கவர்களுக்குத் தடை கொண்டு வந்தார். வெளிநாட்டிலும் கிட்டத்தட்ட அதே சமயம்தான். வங்காளதேசம் 2002-ல் மெல்லிய பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. உலகத்திலேயே முதல் நாடு அதுதான். காரணம் என்ன தெரியுமா? 1988-லும் 1998-லும் வந்த பெருவெள்ளத்தில் டாக்காவின் கால்வாய்களைக் கவர்கள் அடைத்துக்கொண்டதுதான் தண்ணீர் வடியாமல் நின்றதற்குப் பெரிய காரணம் என்று பார்த்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு நம்ம கேப்டன் காட்டன் கால்வாயும் பக்கிங்காம் கால்வாயும் கண் முன்னால் வந்தது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வடசென்னையில் நின்ற தண்ணீரை உங்களில் யார் மறந்திருப்பீர்கள்? தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் படிக்கட்டு கீழே சேற்றை வாரும்போது வந்ததில் பாதி கவர்தான்.

அயர்லாந்து தடை போடவில்லை. அதே 2002-ல் ஒரு கவருக்கு 15 சென்ட் வரி போட்டது. கவர் வேண்டும் என்றால் காசு கொடு. கொஞ்ச நாளிலேயே கவர் உபயோகம் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. ஜனங்கள் ஒரே ராத்திரியில் திருந்தினார்களா? பையில் இருந்து காசு எடுக்கும்போது யோசித்தார்கள், அவ்வளவுதான். பால் பாட்டில் கதையேதான்.

இப்போது நம்ம தடைக்கு வருகிறேன். 2018 ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்று தமிழ்நாடு அரசு அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களுக்குத் தடை வந்தது. கேரி பேக், தண்ணீர் பாக்கெட், ஸ்ட்ரா, தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப், சாப்பாட்டு மேஜையில் விரிக்கிற தாள் எல்லாம் அதில் உண்டு. துணி மாதிரியே இருக்குமே, அந்த நான்-ஓவன் பையும் உண்டு. பல பேர் அதைத் துணிப்பை என்று நினைத்து இன்னும் வாங்குகிறார்கள். அந்த ஜனவரி மாதம் ஒரு திருவிழா மாதிரி இருந்தது. இறைச்சிக் கடையில் தாமரை இலை வந்தது. பாத்திரம் கொண்டு வந்தால் தள்ளுபடி என்று சில ஓட்டல்களில் போர்டு வைத்தார்கள். டீக்கடையில் கண்ணாடி கிளாஸ் திரும்பி வந்தது. எங்கள் அத்தை பழைய எவர்சில்வர் தூக்கைத் தேய்த்து எடுத்து, "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்றாங்க. என்ன சொன்னாங்க, எப்போ சொன்னாங்க என்று எனக்குத் தெரியாது.

வணிகர் சங்கங்கள் அப்போது ஒரு கேள்வி கேட்டார்கள். சின்னக் கடையில் கவர் வைத்திருந்தால் அபராதம், அதே கடையில் தொங்குகிற பெரிய கம்பெனி சிப்ஸ் பாக்கெட்டுக்கு விலக்கா என்று. நியாயமான கேள்விதான். 2020-ல் அரசு அந்த விலக்கை எடுத்தது. ஆனால் பாக்கெட் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. தயாரிக்கிற கம்பெனியே தன் பிளாஸ்டிக்கைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பு என்று மத்திய அரசின் விதி 2016-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. எங்கள் தெருவுக்கு ஷாம்பூ கம்பெனியில் இருந்து காலி சாஷே கேட்டு யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

அந்தத் திருவிழாவில்தான் எங்கள் குழு இறங்கியது. பன்னிரண்டு பேரில் நாலு பேருக்குத் தையல் தெரியும், அதில் நானும் ஒருத்தி. பக்கத்தில் ஒரு பெரிய மளிகை ஸ்டோர் (பேர் வேண்டாம்) 1,500 மஞ்சப்பை கேட்டார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை, வாய் வார்த்தைதான். அது முதல் தப்பு. குழுவில் உள்கடனாக 30,000 ரூபாய் எடுக்கத் தீர்மானம் போட்டோம். சவுகார்பேட்டைப் பக்கம் போய்க் காடாத் துணி வாங்கி, மஞ்சள் சாயம் போட்டதாகவே எடுத்து, ஸ்டோர் பேரை அச்சடித்தோம். அது ரெண்டாவது தப்பு. துணி, அச்சு, தையல்கூலி எல்லாம் சேர்த்து ஒரு பைக்கு இருபது ரூபாய் ஆனது. இருபத்தைந்துக்குக் கொடுத்தோம். ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு தைப்போம். வீட்டுக்காரர் துறைமுகத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்து வரும்போது நான் மிஷினில் இருப்பேன். "நீயும் ஷிப்ட்டா?" என்பார்.

ஸ்டோர் 600 பை எடுத்தது. ஜூன் மாதம் மீதியைக் கொண்டு போனபோது, கல்லாவுக்குப் பக்கத்தில் பழையபடி கவர் கட்டு இருந்தது. "என்னம்மா பண்றது, கஸ்டமர் கேக்கறாங்க. பக்கத்துக் கடையில குடுக்கறான், நான் குடுக்கலன்னா அங்க போயிடறாங்க. உங்க பை இருபத்தஞ்சி ரூபா, கவர் ஒரு ரூபா கூட இல்ல" என்றார். அவர் மேல் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தக் கஸ்டமர் யார்? நாம்தான். நானே அந்த வாரம் தக்காளிக்குக் கவர் கேட்டு வாங்கியிருந்தேன்.

1,000 பை தைத்து முடித்திருந்தோம். கண்காட்சி, கோயில் திருவிழா என்று சுற்றி 60 விற்றது. 340 நின்றுவிட்டது. ஸ்டோர் பேர் அச்சடித்ததால் வேறு கடையும் வாங்கவில்லை. 500 பைக்கான துணி வெட்டாமல் கிடந்தது. கடன் தவணை தள்ளிப் போனது. கூட்டத்தில் தையல் தெரியாத எட்டுப் பேர், "நாலு பேர் ஆசைக்கு எங்க சேமிப்ப எடுத்துட்டீங்க" என்றார்கள். ஒரு அக்கா குழுவை விட்டே போய்விட்டார்கள். போகும்போது, "மஞ்சப்பை தைக்கப் போயி கடைசில எல்லாரும் மஞ்சக் கடுதாசி குடுக்கணும் போல" என்று சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

எங்களைக் காப்பாற்றியது கொரோனா என்று சொன்னால் பாவமாக இருக்கும். ஆனால் அதுதான் நடந்தது. 2020 மார்ச்சுக்குப் பிறகு மகளிர் குழுக்கள் எல்லா ஊரிலும் முகக்கவசம் தைத்தது உங்களுக்கே தெரியும். அந்த வெட்டாத காடாத் துணி முழுக்க மாஸ்க்காகப் போனது. ஆகஸ்டுக்குள் கடனை அடைத்துத் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டோம். ஆனால் அதே கொரோனாவில் டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் போய் மறுபடி பேப்பர் கப் வந்தது. பார்சல் எல்லாம் கவர், டப்பா. 2019 ஜனவரியில் ஆரம்பித்தது பாதியில் நின்றது.

2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். அப்போது சுற்றுச்சூழல் துறைச் செயலாளராக இருந்தவர் நான் மேலே சொன்ன அதே சுப்ரியா சாஹு. மஞ்சப்பை நமக்குப் புதுசு இல்லை. கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை, ஜவுளிக்கடைப் பை, ஊரில் இருந்து வருகிறவர் கையில் இருக்கும் பை. பிறகு அதுவே கேலியாகி, மஞ்சப்பையோடு வந்தவன் என்றால் நாகரிகம் தெரியாதவன் என்று ஆனது. நானே 2007-ல் இந்தத் தெருவுக்கு வந்தபோது அம்மா சீர் சாமான் வைத்துக் கொடுத்த மஞ்சப்பையை வெட்கப்பட்டு உள்ளே ஒளித்து வைத்தவள். அதை அரசாங்கம் மேடையில் ஏற்றினது நல்ல காரியம். 2022 ஜூனில் கோயம்பேடு மார்க்கெட்டில் பத்து ரூபாய் காசு போட்டால் மஞ்சப்பை தருகிற மிஷின் வைத்தார்கள். பிளாஸ்டிக் இல்லாமல் நடத்துகிற பள்ளி, கல்லூரி, வணிக நிறுவனங்களுக்கு மஞ்சப்பை விருது, முதல் பரிசு 10 லட்சம் ரூபாய். கடைக்காரரைக் குற்றவாளியாக மட்டும் பார்க்காமல் பரிசு கொடுத்துக் கூப்பிட்டது எனக்குப் பிடித்தது. 2022 ஜூலை 1 முதல் பல வகை ஒருமுறை பிளாஸ்டிக்குக்கு இந்தியா முழுக்கத் தடை வந்தது.

இந்த எல்லாவற்றையும் விட நன்றாக வேலை செய்தது எது என்று கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. டாஸ்மாக் பாட்டில். நீலகிரியில் காட்டிலும் ரோட்டிலும் உடைந்த பாட்டில் கிடந்து யானைக்கும் மாட்டுக்கும் கால் கிழிகிறது என்று உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022 மே மாதம் அங்கே ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்குவார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்ப வரும். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. அப்புறம் கோவை, பெரம்பலூர் என்று மற்ற மாவட்டத்துக்கும் போனது. வேலை கூடுகிறது, இடம் இல்லை என்று கடை ஊழியர்கள் பல இடத்தில் எதிர்ப்புச் சொன்னார்கள், அதுவும் உண்மை. ஆனாலும் பாருங்கள், குடித்துவிட்டுத் தன் வீட்டு வழியே தெரியாதவருக்குக்கூட பாட்டில் திரும்பும் வழி தெரிகிறது. என் தம்பி இதைக் கேட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, யோசித்தேன்.

அதற்கு முன்னால் இன்னொன்று சொல்லியாக வேண்டும். குப்பையைக் குறைக்கிற இயக்கம் என்று நாம் பேசும்போது, மீதியைக் கையால் எடுக்கிறவர்களை மறந்துவிடக் கூடாது. 2025 ஆகஸ்ட் 1 முதல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், வேலையைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தார்கள். பதின்மூன்றாம் நாள் ராத்திரி போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அதில் நிறையப் பேர் பெண்கள். பல பேர் நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழியாக, சுய உதவிக் குழு என்ற பேரில் பல வருஷம் முன்பு வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். குழு என்ற வார்த்தை நமக்குச் சேமிப்பு, கடன், மரியாதை. அவர்களுக்கு அது நிரந்தரம் இல்லாத வேலை. அதே வருஷம் மே மாதம் கொடுங்கையூரில் ஒரு நாளைக்கு 2,100 டன் குப்பையை எரிக்கும் உலை வேண்டாம், வீட்டிலேயே தரம் பிரிப்போம் என்று வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். எரிக்க வேண்டாம் என்று சொல்வது சரி. சொன்ன பிறகு மக்கும் குப்பை, மக்காத குப்பையை ஒரே பக்கெட்டில் போட்டு வண்டியில் கவிழ்த்தால், பிரிக்கப் போவது அந்தப் பெண்களின் கைதான். எங்கள் பிளாக்கில் இருபத்திநாலு வீட்டில் ஒழுங்காகப் பிரிப்பது ஒன்பது வீடு. எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

சரி, பரண்மேல் இருக்கும் பைக்கு வருகிறேன். பாட்டில் கதையைக் கூட்டத்தில் சொன்னபோது, "சாராய பாட்டிலுக்கு முடியறது நம்ம பைக்கு முடியாதா?" என்று ஒரு பாட்டியம்மா கேட்டாங்க. எங்கள் தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சியிடம் போனோம். முதலில், "எனக்கு எதுக்குத் தாயி இந்த வேலை?" என்றார். கவர் கட்டுக்கு மாதம் எவ்வளவு செலவு செய்கிறார் என்று அவரிடமே கணக்குப் போடச் சொன்னோம். போட்டுப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, நூறு பை வெச்சிட்டுப் போங்க" என்றார்.

பழைய ஸ்டோர் பேர் மேல் கிழிந்த புடவைத் துண்டு வைத்துத் தைத்து மறைத்தோம். குழுவை விட்டுப் போன அக்கா வீட்டுப் புடவையும் அதில் இருக்கிறது, அவங்களே கொண்டு வந்து கொடுத்தாங்க. இன்னும் குழுவில் சேரவில்லை. கடை வாசல் கம்பியில் பைகளைத் தொங்கவிட்டோம். பை மறந்து வந்தவர் பத்து ரூபாய் கட்டி எடுத்துப் போகலாம். திருப்பிக் கொண்டு வந்தால் பத்து ரூபாய் கையில். காசை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அண்ணாச்சி தனியாகப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை நான் போய்க் கணக்குப் பார்ப்பேன்.

ஆரம்பத்தில் பை போகும், திரும்பி வராது. ஒரு பைக்கு இருபது ரூபாய் போட்டுத் தைத்தது பத்து ரூபாய்க்குப் போகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. அண்ணாச்சிதான் சொன்னார். "எங்க போயிடப் போவுது? குப்பைக்கா போவுது? அவங்க வூட்ல கதவுக்குப் பின்னால தொங்கும். மறுநா அதையே எடுத்துட்டு வருவாங்க பாருங்க." அப்படித்தான் ஆனது. பத்து ரூபாய் திரும்பக் கேட்காமல் அதே பையோடு சாமான் வாங்க வருகிறவர்கள் இப்போது அதிகம். நூறு போதாமல் இன்னொரு நூறு கொடுத்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு இது. கொடுத்தது 200. கம்பியில் தொங்குவது 23. வெளியே இருப்பது 177. ஹார்லிக்ஸ் பாட்டிலில் 1,770 ரூபாய் இருக்க வேண்டும், 1,740 இருந்தது. முப்பது ரூபாய்க்கு அண்ணாச்சி டீ குடித்துவிட்டதாகச் சொன்னார், திங்கட்கிழமை போட்டுவிட்டார். பரண்மேல் மீதி 140 பை இருக்கிறது. அதே தெருவில் இட்லி மாவு விற்கிற அக்காவும் கறிகாய் வண்டிக்காரரும் கேட்டிருக்கிறார்கள். மாவுக்குத் துணிப்பை ஆகாது, அதற்கு டப்பா ஏற்பாடுதான் செய்ய வேண்டும். டப்பாவுக்கு எவ்வளவு முன்பணம் வைப்பது என்று அடுத்த கூட்டத்தில் பேச இருக்கிறோம்.

மீன்காரம்மாவை மட்டும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. காசிமேட்டில் இருந்து விடியற்காலையில் கூடை தூக்கி வருகிறவங்க. "ஈர மீனைத் துணிப்பைல போட்டா உன் புடவதான் நாறும். சட்டி எடுத்துனு வா, கவர நானே தர மாட்டேன்" என்றாங்க. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அலுமினியச் சட்டியை இப்போதே வாசல் ஆணியில் மாட்டி வைத்துவிட்டேன், இல்லாவிட்டால் மறந்துபோகும்.